கடைசி வீட்டிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்

எங்கள் தெருவுக்கு அதிவேக இணையம் வந்துவிட்டது என்று சேவை நிறுவனத்தின் வரைபடம் சொல்கிறது. பச்சை நிறம் என் வீட்டையும் தாண்டிப் பரவியிருக்கிறது. உண்மையில் கேபிள் தெருமுனைக் கம்பத்தோடு நின்றுவிட்டது. மிச்சக் கேபிளைச் சுருட்டி அங்கேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், இரண்டு ஆண்டுகளாக. அங்கிருந்து என் வாசலுக்கு 400 மீட்டர். கேட்டால், "உங்கள் பகுதி இணைக்கப்பட்ட பகுதிதான்" என்று ஒரே பதில்.

இந்தப் "பகுதி" என்ற சொல்தான் என்னைக் கொதிக்க வைக்கிறது. நாடு முழுவதும் இணையம் கொண்டுசெல்லும் திட்டங்கள் எல்லாம் சதவீதத்தில் பேசுகின்றன. அந்தச் சதவீதத்தை எதை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் பல ஆண்டுகள் ஒரு கணக்கு நடைமுறையில் இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த ஒரு சிறு வட்டாரத்தில் ஒரே ஒரு இடத்துக்கு இணைப்புத் தர முடிந்தால் போதும், அந்த வட்டாரம் முழுவதுமே இணைப்புப் பெற்றதாக எழுதிக்கொள்வார்கள். கிராமப்புறங்களில் அப்படி ஒரு வட்டாரம் பல மைல்களுக்கு விரிந்திருக்கும். இணைப்பே இல்லாத குடும்பங்கள் ஏட்டில் இணைக்கப்பட்டவர்களாகி, மானியத்துக்கும் தகுதி இழந்தன. 2020இல் சட்டம் கொண்டுவந்து, 2022இல்தான் ஒவ்வொரு கட்டடமாகக் குறிக்கும் புதிய வரைபடம் வெளியானது. அதில் தவறு இருந்தால் வீட்டுக்காரரே முறையிடலாம். எந்த நாடும் முதல் கேபிளைப் புதைப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

கடைசி 400 மீட்டரை ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. செலவில் பெரும்பங்கு பள்ளம் தோண்டவும், அனுமதி வாங்கவும், சாலையை மூடிச் சீராக்கவும்தான் போகிறது. கேபிளின் விலை அதற்கு முன்னால் சிறியது. அதனால்தான் சாலை போடும்போதும் குடிநீர்க் குழாய் பதிக்கும்போதும் கூடவே ஒரு வெறும் பிளாஸ்டிக் குழாயையும் போட்டுவையுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் எந்தக் கேபிள் வந்தாலும் அதன் வழியே இழுத்துவிடலாம், மறுபடி தோண்ட வேண்டாம். இதற்குக்கூட இரண்டு துறைகள் ஒரு மேசையில் உட்கார மறுக்கின்றன.

ஒருமுறை ஓர் அலுவலகத்தில், இந்தக் கேபிளுக்குள் தகவலை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழையை ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தொழிலாளி மேலுறையை உரித்ததும் தலைமுடியை ஒத்த ஓர் இழை வெளியே வந்தது. அதன் விட்டம் 125 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நுனியைச் செங்குத்தாக வெட்டி, இரண்டு நுனிகளையும் ஒரு சிறு இயந்திரத்துக்குள் எதிரெதிராக வைத்தார். மின்பொறி ஒன்று தெறித்தது, இரண்டும் உருகி ஒன்றாயின. ஒட்டிய இடம் எது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த இழை பல பத்தாண்டுகளுக்கு உழைக்கும். நாளைக்கு வேகம் பத்து மடங்கு வேண்டுமென்றால் இரு முனைகளிலும் உள்ள கருவிகளை மாற்றினால் போதும், மண்ணுக்குள் இருப்பது அப்படியே இருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டே "பழைய தொலைபேசித் தாமிரக் கம்பியையே வைத்துச் சமாளிக்கலாம்" என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. ஆஸ்திரேலியா 2009இல் பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் கண்ணாடி இழை என்று அறிவித்தது. 2013இல் ஆட்சி மாறியது. செலவைக் குறைப்பதாகச் சொல்லி, பல இடங்களில் தெருவரை மட்டும் இழையைக் கொண்டுவந்து, மிச்சத்தைப் பழைய தாமிரத்திடம் விட்டார்கள். தாமிரத்தில் தொலைவு கூடக்கூட வேகம் சரியும். 2020இல் அதே வீடுகளில் பலவற்றுக்கு மறுபடியும் கண்ணாடி இழை போடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஒரே வாசலுக்கு இரண்டு முறை செலவு!

வேகம் என்றால் பதிவிறக்கத்தை மட்டுமே விளம்பரம் செய்வதும் அநியாயம். என் பக்கத்து வீட்டுக்காரர் கட்டட வரைபடங்கள் தயாரிப்பவர். 800 மெகாபைட் கோப்பு ஒன்றை அனுப்ப வேண்டுமென்றால், நொடிக்கு ஒரு மெகாபிட் (எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட்) பதிவேற்ற வேகத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது, அதுவும் நடுவில் அறுபடாமல் இருந்தால். 100 மெகாபிட் இருந்தால் ஏறக்குறைய ஒரு நிமிடம். அவர் இரவு பதினொரு மணிக்குக் கோப்பை ஏற்றிவிட்டு, முடிந்ததா என்று பார்க்க ஒரு மணிக்கு எழுகிறார். படிக்கிற பிள்ளைகளுக்கும் வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்களுக்கும் அனுப்பும் வேகமும் பிழைப்புதான்.

லாபம் வராத இடத்துக்கு நிறுவனம் எப்படிப் போகும் என்பார்கள். மின்சாரத்துக்கும் இதையேதான் சொன்னார்கள். 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. 1936இல் அரசு கடன் கொடுக்கச் சட்டம் இயற்றியது, விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கம்பி இழுத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கங்களில் பல இன்று அதே ஊர்களில் கண்ணாடி இழையும் போடுகின்றன. இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் 2011இல் மக்களே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். நில உரிமையாளர்கள் வயல் வழியே கேபிள் செல்ல இடம் கொடுத்தார்கள், ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். நகரங்களில் பலருக்கும் கிடைக்காத ஜிகாபிட் வேகம், அதாவது நொடிக்கு ஆயிரம் மெகாபிட், அந்தப் பண்ணை வீடுகளுக்குக் கிடைத்தது. பின்லாந்து 2010இலேயே நொடிக்கு ஒரு மெகாபிட் இணைப்பை ஒவ்வொருவரின் சட்ட உரிமையாக்கியது. அந்த வேகம் இன்றைக்குப் போதாது, ஆனால் உரிமை என்று எழுதிவிட்டால் கடைசி வீட்டைக் கணக்கிலிருந்து கழிக்க முடியாது.

எங்கள் தெருவில் 11 வீடுகளுக்கு இணைப்பு இல்லை. ஒவ்வொரு வாசலையும், கம்பத்தில் தொங்கும் அந்தச் சுருளையும் படம் எடுத்திருக்கிறேன். கேபிள் போக வேண்டிய வழியில் நிலம் வைத்திருக்கும் மூன்று பேரும் தோண்டச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை மனுவைக் கொடுக்கிறோம். உங்கள் தெருவிலும் வரைபடம் பச்சையாக இருந்து வீடு இருட்டில் இருந்தால், கீழே எழுதுங்கள். எத்தனை வீடுகள், கம்பத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எண்ணோடு எழுதுங்கள்.