அரங்கேற்றத்துக்கு ட்ரோன் எதுக்குங்க?

போன மாதம் மகளோட பரதநாட்டிய வகுப்பில் ஒரு தாள் கொடுத்தார்கள். அரங்கேற்றச் செலவுக் கணக்கு. மண்டபம், லைட்டிங், மேக்கப், பூ அலங்காரம், தாம்பூலப் பை, ட்ரோன். ட்ரோன் எதுக்குங்க என்றேன், சிரித்தார்கள். கடைசிக்கு முந்தின வரியில்தான் நட்டுவாங்கமும் (தாளம் தட்டி, சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்துவது) பக்கவாத்தியமும். பக்கத்திலேயே ‘வேண்டாமென்றால் ட்ராக் (பதிவு செய்த பாட்டு) போட்டுக்கலாம்’. வீட்டுக்காரர் படித்துவிட்டு, “நம்ம கல்யாணத்துக்கே இவ்ளோ எழுதலையேடி” என்றார்.

பிள்ளை சேர்ந்து இரண்டரை வருடம்தான் ஆகிறது. நாட்டடவு என்கிற அடிப்படைப் பயிற்சியில் மூன்றாம் காலம், அதாவது மூன்றாம் வேகம் வந்தால், முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டி தானாக எழும்பிவிடும். இவளுக்கு எதுக்கு இப்போ மேடை?

நான் படித்தது திருப்பாதிரிப்புலியூரில், ஒரு வாத்தியார் வீட்டுத் திண்ணையை ஒட்டின கூடத்தில். பாய், தாளம் தட்ட ஒரு மரத் தட்டுமனை, ஒரு தட்டுக்கழி, அவ்வளவுதான். அடித்து அடித்து மனையின் நடுவில் குழி விழுந்திருக்கும். குனிந்து தட்டிக்கொண்டே இருப்பார், நிமிர மாட்டார். “ரெண்டாவது வரிசை, வலது குதி விழல” என்பார். காதிலேயே பார்க்கிற மனுஷன். (கழி சில நேரம் முட்டியிலும் விழும். அதை நான் கொண்டாடவில்லை.) வர்ணம் என்கிற நீண்ட உருப்படியில், தீர்மானம் என்கிற அடவுக் கோவைக்கு மூச்சு வாங்கினால் ஒரு நூல் அளவு காலத்தைப் பிடித்துக் கொடுப்பார், சபையில் யாருக்கும் தெரியாது. பென் டிரைவ் அதைச் செய்யுமா?

இந்தக் கலை நம் கைக்கு வந்ததே இப்படிப்பட்ட வாத்தியார்கள் வழியாகத்தான். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற கச்சேரி வரிசையை ஒழுங்குபடுத்தியது தஞ்சை நால்வர், நட்டுவனார் குடும்பத்து அண்ணன் தம்பிகள். நடன மேதை பாலசரஸ்வதிக்குக் குரு கந்தப்பா பிள்ளை. 1936-ல் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியைத் தொடங்கின ருக்மிணி தேவிக்குப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுத்து 1947-ல் சட்டம் வந்தது, வரவேண்டிய சட்டம்தான். ஆனால் இந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக உடம்பில் வைத்திருந்த பெண்களின் பெயர் இன்றைக்கு எந்த அரங்கேற்ற அழைப்பிதழில் இருக்கிறது? ‘தெய்வீகக் கலை’ என்று மட்டும் தங்க எழுத்தில் அடித்துவிடுகிறோம்.

தாள் வந்த ஞாயிற்றுக்கிழமை மகளைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப் போனேன். கோயில் கிழக்குக் கோபுர வாசல் சுவரில் கரணச் சிற்பங்கள் (கரணம் என்பது நாட்டிய சாஸ்திரம் சொல்லும் ஆட்டக் கூறு), கூடவே அந்தச் சாஸ்திரத்தின் சுலோகங்கள் கிரந்த எழுத்தில். முதல் கரணம் தலபுஷ்பபுடம்: பூவை ஏந்தினாற்போல இரண்டு கையும் இடப்பக்கம், விலா சாய்ந்திருக்கும். பிள்ளை அங்கேயே நின்று செய்து பார்த்தாள். செருப்பு விடும் இடத்துக்குப் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். “அம்மா, இதுக்கப்புறம் கால் எங்க போகும்?”

கல்லில் இருப்பது ஒரு கணம்தான். கரணம் என்பது நிற்கிற நிலை இல்லை, அசைவு என்று நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் ஆடியும் ஆராய்ந்தும் காட்டினார். சுலோகம் தெரிந்தவருக்கு உடம்பும் தெரிந்திருந்ததால் வந்த பதில் அது. தஞ்சைப் பெரிய கோயிலில் 81 கரணம் செதுக்கி, மிச்சக் கல்லை அப்படியே விட்டுவிட்டார்கள். அதுக்கும் ஆராய்ச்சி வேண்டும், அதைச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

மேடை வேண்டாம் என்று சொல்லவில்லை. 1981-லிருந்து சிதம்பரத்தில் சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி நடன விழா நடக்கிறது, பனியில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தவள் நான். ஆனால் மேடைக்கு அள்ளிக் கொடுக்கிற நாம் வாத்தியாருக்கு என்ன கொடுக்கிறோம்? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரி அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்திலும் முறையாக நாட்டியம் படித்துவிட்டு வெளியே வருகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படிப் படித்தவள், நட்டுவாங்கம் பிரமாதமாகச் செய்வாள். வேலை, ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குச் சினிமாப் பாட்டுக்கு ஸ்டெப் சொல்லித் தருவது. மாதச் சம்பளத்தைச் சொன்னாள், எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் இப்போது வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வருகிறாள், தெருவில் இன்னும் நான்கு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். அரங்கேற்றம் எப்போ என்று கேட்டவர்களுக்கு, முதலில் அரைமண்டி உட்காரட்டும் என்றேன்.

கடலூர், பாண்டிப் பக்கம் தட்டுமனை செய்து தரும் ஆசாரி யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். இப்போதைக்கு அந்தப் பெண் என் சப்பாத்திப் பலகையில்தான் தட்டிக்கொண்டிருக்கிறாள்.