ஸ்டோரேஜ் ஆர்க்கிடெக்ட் ஆகணுமா? முதலில் ரெஸ்டோர் பண்ணக் கத்துக்கோ

அக்கா மகன் இந்த வருடம்தான் பி.இ. முடித்தான். போன வாரம் கோவில்பட்டியிலிருந்து போன் செய்து, "மாமா, ஸ்டோரேஜ் ஆர்க்கிடெக்ட் ஆகலாம்னு இருக்கேன். ஆனா கூடப் படிச்ச பசங்க எல்லாம் வேண்டாங்கிறாங்க. எல்லாமே கிளவுடுக்குப் போயிடுச்சு, இனி டிஸ்க்கைக் கட்டிக்கிட்டு என்ன பண்ணப் போறேன்னு கேக்கிறாங்க" என்றான். மீட்டிங்குக்குப் போகிற அவசரத்தில் இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. கம்பெனிகளின் டேட்டாவை எங்கே, எப்படிப் பத்திரமாக வைப்பது என்று பார்க்கிற இந்த ஸ்டோரேஜ் வேலைதான் 17 வருடமாக எனக்குச் சோறு போடுகிறது. அவனுக்கும் அவனைப் போலக் கேட்கிறவர்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் கிளவுட். அமேசான் 2006-ல் எஸ்3 என்ற கிளவுட் ஸ்டோரேஜைக் கொண்டுவந்தபோதே ஸ்டோரேஜ் ஆட்களுக்கு வேலை போய்விடும் என்றார்கள். போகவில்லை. எஸ்3-க்கு 99.999999999 சதவீதம் என்று பதினோரு ஒன்பது போட்டுச் சொல்வார்கள். டிஸ்க் கெட்டுப்போய் உன் ஃபைல் தொலையாது என்பதுதான் அதற்கு அர்த்தம். நீயே தவறுதலாக அழித்தால் அதுவும் அழித்துவிடும். உன் பாஸ்வேர்டைத் திருடியவன் அழிக்கச் சொன்னாலும் அழித்துவிடும். எதற்கு வெர்ஷனிங் (பழைய பதிப்புகளையும் வைத்திருப்பது) போடுவது, எதை வேறு அக்கவுண்டில் பூட்டி வைப்பது, எதை மலிவான ஆர்கைவில் தள்ளுவது, அங்கிருந்து எடுக்க மணிக்கணக்கில் ஆகும் என்றால் கம்பெனி தாங்குமா, திரும்ப வெளியே எடுக்கும்போது பில் எவ்வளவு வரும் என்று உட்கார்ந்து முடிவு செய்ய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஆர்க்கிடெக்ட்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பேக்கப் டீமில் இரண்டு வருடமாவது நைட் ஷிஃப்ட் பார்க்காதவர், தன் கையால் நாலு ரெஸ்டோர் (பேக்கப்பிலிருந்து டேட்டாவைத் திரும்ப எடுப்பது) செய்யாதவர், ஆர்க்கிடெக்ட் நாற்காலியில் உட்காரக் கூடாது. கோபத்தில் சொல்லவில்லை. பட்டதைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு தொழிற்சாலையின் சர்வர்களை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். 8 டிஸ்க் போட்ட ரெய்டு 5. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் கட்டும் முறை. ராத்திரி இரண்டு மணிக்கு நாலாவது டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு. ஸ்பேர் டிஸ்க் தானாக எடுத்துக்கொண்டது, கெட்ட டிஸ்க்கில் இருந்ததை அதில் மறுபடி எழுதும் ரீபில்ட் ஓட ஆரம்பித்தது. 61 சதவீதத்தில் இன்னொரு டிஸ்க் படுத்துவிட்டது. ரெய்டு 5-ல் ஒன்று போனால் தாங்கும், இரண்டு போனால் மொத்தமும் போச்சு. சரி, பேக்கப் இருக்கிறதே என்று திறந்தேன். தினமும் காலையில் "வெற்றி" என்று மெயில் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் 23 நாளுக்கு முன்னால் அவர்கள் கணக்கு ஃபோல்டரை வேறு வால்யூமுக்கு மாற்றியிருக்கிறார்கள். பேக்கப் ஜாப்பை யாரும் மாற்றவில்லை. காலியான பழைய ஃபோல்டரை அது தினமும் ஒழுங்காக எடுத்து வைத்து, வெற்றி என்று மெயில் அனுப்பியிருக்கிறது. மாற்றுவதற்கு முந்தின நாள் எங்கள் சீனியர் ஒருவர் தன் திருப்திக்காக எடுத்து அலமாரியில் வைத்த ஒரு டேப் மட்டும்தான் மிஞ்சியது.

மறுநாள் அங்கே அக்கவுண்ட்ஸில் இருந்த ஓர் அம்மா, பச்சை அட்டை போட்ட பில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார். "தம்பி, எந்தத் தேதி வரைக்கும் இருக்கு? எப்ப திரும்ப வரும்?" திட்டவே இல்லை. தேதியைச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அதற்கடுத்த பில்லிலிருந்து டைப் செய்ய ஆரம்பித்தார். நாலு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து முடித்தார்கள்.

அந்த இரண்டு கேள்விக்கும் தொழிலில் பெயர் இருக்கிறது என்று அப்புறம்தான் படித்தேன். எந்தத் தேதி வரைக்கும் என்பது ஆர்பிஓ. எப்ப வரும் என்பது ஆர்டிஓ. ஒவ்வொரு டிசைன் மீட்டிங்கிலும் நான் முதலில் கேட்பது இந்த இரண்டைத்தான். எவ்வளவு ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும்) வேண்டும், சர்வரோடு இணைக்க ஃபைபர் சேனலா ஐஸ்கஸியா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இன்றைக்கு டிஸ்க் இன்னும் பெரிதாகிவிட்டது. 1988-ல் பெர்க்லியிலிருந்து ரெய்டு பற்றிய அந்தப் புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை வந்தபோது அதில் பேசப்பட்ட சின்ன டிஸ்க் 100 மெகாபைட். இப்போது 20 டெராபைட் டிஸ்க் சாதாரணம். நொடிக்கு 200 மெகாபைட் என்று வைத்தால் ஒரு டிஸ்க்கை நிரப்பவே ஒரு லட்சம் நொடி ஆகும், கிட்டத்தட்ட 28 மணி நேரம். வேறு வேலையே இல்லாமல் ஓடினால்தான் இந்தக் கணக்கு. அத்தனை நேரமும் இன்னொரு டிஸ்க் போகாமல் இருக்க வேண்டும். இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6-ம், டேட்டாவைத் துண்டாக்கிப் பல இடத்தில் பரப்பி வைக்கும் இரேஷர் கோடிங்கும் ஏன் வந்தன என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே புரியும்.

பெரிய இடங்களிலும் இதேதான். 2017 ஜனவரி 31-ல் கிட்லாப் (புரோகிராமர்கள் கோட் வைக்கும் தளம்) இன்ஜினியர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப் வழிகள் பல வைத்திருந்தார்கள். தினசரி பேக்கப் ஓடவே இல்லை. அது தோற்றதைச் சொல்லும் மெயில்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேர டேட்டா போனது. அதை ஒளிக்காமல் உலகத்துக்கே எழுதி வைத்தார்கள் பாருங்கள், அதற்காக அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இன்னொன்றை என்னால் மறக்க முடியவில்லை. 2025 செப்டம்பர் 26, தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியில் பிடித்த தீ. அரசு ஊழியர்கள் வேலை ஃபைல்களைச் சேமித்து வைத்திருந்த ஜி-டிரைவ் முழுவதும் போனது. 858 டெராபைட். வெளியே காப்பி இல்லை, அளவு பெரிது என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. செய்தியைப் படித்ததும் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். எல்டிஓ-9 என்ற பேக்கப் டேப் ஒன்றில் கம்ப்ரஷன் இல்லாமல் 18 டெராபைட் பிடிக்கும். 48 டேப். ஒரு அலமாரித் தட்டில் அடங்கிவிடும். நொடிக்கு 400 மெகாபைட்டில் எழுதும் டிரைவ் நாலு இருந்தால் ஒரு வாரத்துக்குள் முதல் காப்பி தயார். தினம் மாறுவதைத் தொடர்ந்து எடுக்க வேண்டும், அந்த டேப்புகளை வேறு ஊரில் வைக்க வேண்டும், செலவு உண்டு. ஆனாலும் முடியாத காரியம் இல்லை. அந்தக் கணக்கை ஒரு ஆள் சரியான நேரத்தில், சரியான அறையில், குரலை உயர்த்திச் சொல்லியிருக்க வேண்டும்.

சர்டிபிகேட் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலைக்கு உள்ளே நுழைய அது உதவும். ஆனால் அதற்கு முன்னால் லினக்ஸ் கையில் படிய வேண்டும், நெட்வொர்க் புரிய வேண்டும். செஃப், இசட்எஃப்எஸ் என்ற ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர்கள் இரண்டும் இலவசம்தான், பழகிப் பார்க்கப் பழைய லேப்டாப் போதும். முக்கியமாக எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தில், டெக்னிக்கல் தெரியாத ஃபைனான்ஸ் ஆளுக்குப் புரிகிற மாதிரி, இந்தப் பணம் எதற்கு என்று எழுதத் தெரியாமல் எத்தனையோ நல்ல டிசைன்கள் குப்பைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

மறுபடி அக்கா மகனுக்குப் போன் செய்து, லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷின் (சாஃப்ட்வேரால் ஆன கம்ப்யூட்டர்) போட்டு, நாலு விர்ச்சுவல் டிஸ்க் கொடுத்து, ரெய்டு 5 கட்டி, அதில் அம்மாவின் போட்டோக்களைக் காப்பி செய்து, ஓடும்போதே ஒரு டிஸ்க்கைப் பிடுங்கச் சொன்னேன். ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். போட்டோ எல்லாம் திறக்கிறது, ரீபில்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே ஒரு வரி: "மாமா, இப்பவே இன்னொன்னையும் பிடுங்கிப் பார்க்கவா?"

போட்டோக்களுக்கு வேறு காப்பி இருக்கிறதா என்று கேட்டேன். பென் டிரைவில் ஒன்று, அம்மா போனில் ஒன்று என்றான். திறந்து பார்த்தாயா என்றேன். ஐந்து நிமிடம் பதில் இல்லை. அப்புறம், "பார்த்துட்டேன் மாமா, எல்லாம் இருக்கு" என்று வந்தது.

"சரி, பிடுங்கு" என்றேன்.