கடைசிச் சொல்லை மாற்ற இத்தனை பாடா?

ஆம்பூரை ‘ஆம்ப’ என்று அச்சடித்த பார்சல் சீட்டை இன்று காலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். சோளிங்கர் ‘சோளிங்க’ ஆகியிருக்கிறது. குடியாத்தம் புள்ளியைப் பறிகொடுத்து ‘குடியாத்தம’ என்று நிற்கிறது. பிறந்து வளர்ந்த மண்ணின் ஊர்ப் பெயர்களை இப்படிப் பார்த்தால் வயிறு எரியாதா?

எல்லாம் நான் எழுதிய கணினி நிரல் செய்த கோளாறு. வேலை என்னவோ சின்னதுதான். 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். எங்கள் முகவரிப் பட்டியலில் இன்னும் பழைய மாவட்டமே இருக்கிறது. கடைசிக் காற்புள்ளிக்குப் பின்னால் உள்ள ‘வேலூர்’ போய், ஆற்காட்டுக்கு ராணிப்பேட்டை, ஆம்பூருக்குத் திருப்பத்தூர் என்று வர வேண்டும். அவ்வளவே.

பைத்தான் என்ற நிரல்மொழியில் சொல்லை மாற்றும் கட்டளையான ரீப்ளேஸிடம் ‘வேலூர் சாலை, ஆற்காடு, வேலூர்’ என்று கொடுத்தால் சாலையையும் சேர்த்து ராணிப்பேட்டை ஆக்குகிறது. ஒன்றை மட்டும் மாற்று என்றால் இடப்பக்கத்திலிருந்து எண்ணுகிறது. சாலை மாறுகிறது, மாவட்டம் அப்படியே கிடக்கிறது! வலமிருந்து தேட ஆர்ஃபைண்ட் உண்டு, பிரிக்க ஆர்ஸ்ப்ளிட் உண்டு. மாற்றுவதற்கு மட்டும் ஏன் ஒன்றும் வைக்கவில்லை?

சரி, காற்புள்ளியோடு சேர்த்துப் பழைய மாவட்டத்தை வெட்டிவிட்டுப் புதியதை ஒட்டலாம் என்று ஆர்ஸ்ட்ரிப் என்ற கட்டளையை நம்பினேன். அந்தப் பெயரைப் பார்த்தால் வால்சொல்லை நீக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அது சொல்லையே பார்ப்பதில்லை. கொடுத்த சொல்லில் என்னென்ன குறிகள் உண்டோ, அவை எந்த வரிசையில் வந்தாலும் வலக்கோடியிலிருந்து தின்றுகொண்டே போகிறது. கணினி எழுத்துகளைப் பதியும் யூனிகோடு முறையில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி என்பதால் தமிழுக்கு இரட்டை அடி. மாவட்டத்தைத் தின்றது, காற்புள்ளியைத் தின்றது, ஆம்பூரின் புள்ளியையும் ‘ர’வையும் ஊகாரக் குறியையும் தின்று ‘ப’வில்தான் நின்றது. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபமே அதில்தான்!

வால்சொல்லை மட்டும் நீக்க ரிமூவ்சஃபிக்ஸ் இருக்கிறதே என்பார்கள். 1991-இல் வந்த மொழிக்கு அது 2020 அக்டோபரில், 3.9 பதிப்பில்தான் வாய்த்தது. எங்கள் சர்வரில் ஓடுவது 3.8.

கடைசியில் ஆர்பார்ட்டிஷன் என்ற கட்டளை. கடைசிக் காற்புள்ளியில் அழகாக வெட்டி, முன்பகுதி, காற்புள்ளி, பின்பகுதி என மூன்று துண்டாகத் தருகிறது. காற்புள்ளி இல்லாத முகவரி வந்தால் முதலிரண்டும் வெற்றாகி, முழு முகவரியும் மூன்றாவது துண்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூன்றாவதை மாற்றினேன், முகவரியே அழிந்து மாவட்டப் பெயர் மட்டும் மிஞ்சியது.

இப்போது காற்புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வெட்டுகிறேன். ஆம்பூர்ப் பார்சல்கள் இன்னும் காட்பாடிக் கிடங்கிலேயே கிடக்கின்றன.