ரிலாப்ஸ் விற்காத ஆல்பம் இல்லை

அமெரிக்க ராப் பாடகர் எமினெமின் ரிலாப்ஸ் ஆல்பத்தைப் பற்றி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "எமினெமின் ரிலாப்ஸை யாரும் வாங்கவில்லை, விமர்சகர்களும் ரசிகர்களும் ஒதுக்கிவிட்டார்கள், அவரே அதைத் தோல்வி என்று ஒத்துக்கொண்டார்." இது சரியில்லை.

2004இல் வந்த என்கோர் ஆல்பத்துக்குப் பிறகு எமினெமின் அடுத்த ஸ்டூடியோ ஆல்பமான ரிலாப்ஸ் 2009 மே மாதம்தான் வந்தது. முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 6 லட்சத்துக்கும் மேல் விற்று, அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2010இல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருதும் அதற்குத்தான்.

விமர்சனங்கள் இரண்டுபட்டன என்பது உண்மை. விதவிதமான உச்சரிப்பில் ராப் செய்ததும், தொடர்கொலைகாரன் கதைகளும் பலருக்கு அலுப்பூட்டின. ஆனால் குறை சொன்னவர்களில் பலரும் அவருடைய எதுகை அடுக்கும் திறமையை ஒப்புக்கொண்டார்கள். ஏறக்குறைய எல்லாப் பாடல்களுக்கும் இசை, தயாரிப்பாளர் டாக்டர் டிரே. விதிவிலக்கான 'பியூட்டிஃபுல்' எனக்கு இன்றும் நெருக்கமான பாட்டு.

அப்புறம், அவர் "ஒத்துக்கொண்ட" விஷயம். 2010இல் வந்த 'நாட் அஃப்ரைட்' பாடலில் ரிலாப்ஸ் சுமார்தான், அந்த உச்சரிப்புகளை அளவுக்கு மீறிப் பயன்படுத்திவிட்டேன் என்ற பொருளில் ஒரு வரி வரும். அது தன் வேலையைத் தானே கறாராக மதிப்பிட்ட ஒரு கலைஞனின் பேச்சு. விற்பனையைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

2007 கடைசியில் மெத்தடோன் என்ற வலிநிவாரணி மருந்து அதிகமாகி உயிருக்கே ஆபத்தான நிலையிலிருந்து மீண்டு வந்தவர் அவர். அந்தப் போதை அடிமைத்தனத்தைப் பேசும் ஆல்பத்தை, பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். யாரும் கேட்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.