ஃபோர் டாப்ஸ்: இசைத்தட்டின் மறுபக்கம்

போன மாதம் ஒரு ராத்திரி, சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போனில் ஃபோர் டாப்ஸ் என்ற அமெரிக்க நால்வர் குழுவின் பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகள் ஒவ்வொன்றாக முடிந்ததும், ஆப் தானாகவே அடுத்த பாட்டுக்குப் போனது. 'ஆஸ்க் த லோன்லி'. எத்தனையோ முறை இதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்கு என்னவோ, குழுவின் முதன்மைப் பாடகர் லெவி ஸ்டப்ஸ் இரண்டாவது சரணத்துக்கு வந்தபோது குழாயை மூடிவிட்டேன். கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்று கடைசிவரை கேட்டேன். ஹாலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்து, "இந்த மாமா ஏம்ப்பா அழறாரு?" என்றாள். அழவில்லை, பாடுகிறார் என்றேன். "இல்லப்பா, அழறாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. அன்றிலிருந்து இந்த நான்கு பேரின் அதிகம் கேட்கப்படாத பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர் டாப்ஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'ரீச் அவுட் ஐ'ல் பி தேர்', 'ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்' இரண்டும்தான். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டவர்கள் 'பெர்னடெட்'டைச் சேர்த்துக்கொள்வார்கள். அறுபதுகளின் சோல் இசைக்கு, அதாவது கறுப்பின அமெரிக்கர்களின் உருக்கமான பாட்டு வகைக்கு, யார் தொகுப்பு போட்டாலும் இதே பாட்டுகள்தான். அவற்றில் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 'பெர்னடெட்' முடியப்போகிற இடத்தில் வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நின்று, ஒரு நொடி கழித்து லெவி அந்தப் பெயரைக் கூவுவாரே, அந்த இடம் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் இந்தப் பாட்டுகளை மட்டும் கேட்டால் ஃபோர் டாப்ஸ் என்பது ஒரே ஒரு ஆளின் குரல் என்று தோன்றிவிடும். நான் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதையே இந்த மறந்துபோன பாட்டுகள்தான் எனக்குக் காட்டின.

லெவி ஸ்டப்ஸ், டியூக் ஃபகீர், ஓபி பென்சன், லாரன்ஸ் பேட்டன். நால்வரும் டெட்ராய்ட் பையன்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில், பள்ளிக்கூட வயதில் ஒன்றாகப் பாட ஆரம்பித்தவர்கள். முதலில் வைத்த பெயர் ஃபோர் எய்ம்ஸ். ஏம்ஸ் பிரதர்ஸ் என்று ஒரு குழு ஏற்கெனவே இருந்ததால் குழப்பம் வரும் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். டியூக்கின் அப்பா இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து கடல் கடந்து போய் டெட்ராய்ட்டில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து டியூக்கின் மேல்ஸ்தாயிக் குரல் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம். 1963-ல் மோட்டவுன் என்ற டெட்ராய்ட் இசைத்தட்டு கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் பத்து வருஷம் கிளப் கிளப்பாகப் பாடியிருக்கிறார்கள். நாலு கம்பெனிகளில் இசைத்தட்டு போட்டும் ஒன்றும் எடுபடவில்லை. ஆரம்பித்த நாளிலிருந்து 1997-ல் லாரன்ஸ் இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கும் மேல், அந்த நால்வரில் ஒருவர்கூட விலகவில்லை. ஒருவரும் புதிதாக வரவும் இல்லை. அந்தக் காலத்து மற்றக் குழுக்களின் கதையை ஒருமுறை பார்த்தால் இது எவ்வளவு அபூர்வம் என்று புரியும். லெவி நினைத்திருந்தால் தனியாகப் போய் ஒரு ராஜ்ஜியமே நடத்தியிருக்கலாம். போகவில்லை. 'லெவி ஸ்டப்ஸ் அண்ட் த ஃபோர் டாப்ஸ்' என்று குழுவின் பெயருக்கு முன்னால் தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். லெவியின் குரல் பேரிடோன். கனமான, தாழ்ந்த ஸ்தாயியில் நிற்கிற குரல். பிரபலமான பாட்டுகளை எழுதித் தயாரித்த ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் மூவரும் வேண்டுமென்றே அவருக்குச் சுருதியைக் கூட்டி வைத்தார்கள். எட்டாத உயரத்தை அவர் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படி எட்டும்போது தொண்டை இறுகும், குரல் லேசாகப் பிளக்கும். அதைத்தான் குழந்தை அழுகை என்று கேட்டிருக்கிறாள். நாம் தவிப்பு, ஏக்கம் என்றெல்லாம் பெரிய வார்த்தை போட்டுச் சொல்வோம்.

'ஆஸ்க் த லோன்லி' அந்த மூவர் எழுதியது இல்லை. ஐவி ஜோ ஹன்டரும் மிக்கி ஸ்டீவன்சனும் 1965-ல் செய்த பாட்டு. அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுத் தரவரிசையில் 24-ஆம் இடம்வரை வந்தது. முன்னால் 'பேபி ஐ நீட் யுவர் லவ்விங்', பின்னால் 'ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்' என்று இரண்டு பெரிய வெற்றிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதால் இது ஓரமாகப் போய்விட்டது. விஷயம் எளிமையானது. தனியாகவே வாழ்ந்துவிடலாம் என்று நினைக்கிறாயா, தனியாக இருக்கிறவர்களைப் போய்க் கேள் என்கிறது. இளசுகள் காதலைச் சிரித்து ஒதுக்கிவிட்டு, இன்னொன்று தானாக வரும் என்று நம்பிப் போய்விடுகிறார்கள் என்று ஒரு இடம் வரும். நான் குழாயை மூடியது அங்கேதான். அதில் லெவி யாரையும் கண்டிக்கவில்லை. தானே அப்படிப் போய்ப் பட்டுவிட்டுத் திரும்பி வந்த ஆள் மாதிரி, பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். சொல்லச் சொல்ல அவராலேயே தாங்க முடியாமல் குரல் மேலே ஏறிவிடுகிறது. பின்னால் டாப்ஸின் குரலோடு பெண் குரல்களும் சேர்ந்து கேட்கும். அவர்கள் ஆண்டான்டஸ் என்ற மூன்று பெண்கள். மோட்டவுனின் எத்தனையோ பாட்டுகளில் பாடியும் உறையில் பெயர் வராதவர்கள். கவனிக்கப்படாத பாட்டுகளைப் பற்றி எழுதும்போது அவர்களைச் சொல்லாமல் போனால் பாவம்.

அதே ஐவி ஜோ ஹன்டர், அப்போது பதின்ம வயதில் இருந்த ஸ்டீவி வொண்டரோடு சேர்ந்து எழுதியது 'லவ்விங் யூ இஸ் ஸ்வீட்டர் தேன் எவர்'. 1966. அமெரிக்காவில் 45-ஆம் இடத்தோடு நின்றுபோனது. ஏன் நின்றது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என்னைக் கேட்டால் ஃபோர் டாப்ஸ் பாடியதிலேயே ஆக அழகான மெட்டு இதுதான். வார்த்தையைப் பார்த்தால் சந்தோஷமான பாட்டு. தனிமையில் கிடந்தேன், நீ வந்தாய், காதல் முன்னைவிட இனிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் லெவி பாடுகிற விதத்தில் அந்தச் சந்தோஷம் கையை விட்டுப் போய்விடுமோ என்கிற பயமும் கூடவே வருகிறது. நல்லது நடக்கும்போது நம் அம்மாக்கள், கண்ணு பட்டுடப் போவுது என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அந்த மாதிரி ஒரு பயம். நல்ல ஹெட்போனில் இதை ஒருமுறை கேளுங்கள். முதல் தடவை லெவியோடு போங்கள். இரண்டாவது தடவை அவரை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் குரல்களை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அவர் ஒரு வரியை முடித்து மூச்சு எடுக்கிற இடைவெளியில், விழப்போகிறவரைத் தாங்குகிற மாதிரி அந்தக் குரல்கள் வந்து நிற்கும். அந்தக் குரல்களை எப்படி அடுக்குவது என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர் பெரும்பாலும் லாரன்ஸ். சேர்ந்திசையில் யாருக்கு எந்தச் சுரம் என்று பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. லெவியை உலகத்துக்குத் தெரியும். லாரன்ஸைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

'ஐ'ல் டர்ன் டு ஸ்டோன்' என்று ஒன்று இருக்கிறது. 1967-ல் 'செவன் ரூம்ஸ் ஆஃப் க்ளூம்' இசைத்தட்டின் மறுபக்கத்தில் வந்தது. அந்தக் காலத்தில் மறுபக்கம் என்பது தட்டைத் திருப்பிப் போடுகிற ஆளுக்கு மட்டும் கிடைப்பது. நீ போனால் நான் கல்லாகிவிடுவேன் என்று அத்தனை வேகமான தாளத்தில் பாடுகிறார்கள். வார்த்தை உறைந்து நிற்கிறது, கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. அடுத்த வருஷம் வந்த 'ஐ'ம் இன் எ டிஃபரென்ட் வேர்ல்ட்' 51-ஆம் இடத்தோடு நின்றது. அதற்குள் ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் மூவரும் மோட்டவுனோடு சண்டைபோட்டு விலகிவிட்டதால், அவர்கள் கைப்பட்டு வந்த கடைசிப் பாட்டுகளில் ஒன்றாக இது ஆகிவிட்டது. இதில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிதார் மெட்டுக்கு அடியில் தனியாக இன்னொரு மெட்டே வாசித்துக்கொண்டு போகும். அதற்காகவே கேட்கலாம்.

எழுபதுகளை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். மோட்டவுன் லாஸ் ஏஞ்சலீசுக்கு மூட்டை கட்டியபோது இவர்கள் கூடப் போகவில்லை. வேறு கம்பெனியில் 'கீப்பர் ஆஃப் த காஸில்', 'ஏன்ட் நோ உமன்' என்று ஒன்றிரண்டு நல்ல வெற்றிகள் வந்தன. அப்புறம் மெல்ல மெல்ல அடங்கிப்போனது.

ஆனால் 1982-ஐத் தாண்ட மாட்டேன். 'ஐ பிலீவ் இன் யூ அண்ட் மீ' என்றதும் விட்னி ஹூஸ்டன்தானே நினைவுக்கு வருகிறார்? 1996-ல் ஒரு படத்துக்காக அவர் பாடி ஊரெல்லாம் ஒலித்தது. அதற்கு 14 வருஷம் முன்னாலேயே, 'ஒன் மோர் மவுன்டன்' ஆல்பத்தில் ஃபோர் டாப்ஸ் பாடியாகிவிட்டது. விட்னியின் பாட்டு மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்தக் குரலுக்கு நிகர் இல்லை. ஆனால் அதைக் கேட்கும்போது ஒரு பெரிய பாடகியைக் கேட்கிறேன். லெவி பாடிக் கேட்கும்போது, பல வருஷம் ஒரே பெண்ணோடு வாழ்ந்த ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. அவருக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. திருமணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மோட்டவுன் நாள்களின் அவசரமெல்லாம் போய், குரல் கனிந்திருக்கிறது. விட்னியின் பாட்டைப் பிடித்தவர்கள் தயவுசெய்து இதை ஒருமுறையாவது கேளுங்கள்.

எனக்கு ஆறாத ஒரு வருத்தம் உண்டு. மோட்டவுனுக்கு வந்த புதிதில் இவர்கள் முழுக்க முழுக்க ஜாஸ் பாணியில் ஒரு ஆல்பம் பதிவுசெய்தார்கள். பெயர் 'பிரேக்கிங் த்ரூ'. பத்து வருஷம் கிளப்புகளில் பாடிப் பாடி உருவான நான்கு குரல்களின் அடுக்கு அதில் அப்படியே இருக்கிறது. லெவி கத்தவே மாட்டார். நால்வரும் தோளோடு தோள் நின்று பாடுவார்கள். கம்பெனி அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டது. வெளிவந்தது 1999-ல். குரல்களை அடுக்கிய லாரன்ஸ் அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே போய்விட்டார்.

கடைசியாக 'ஸ்டில் வாட்டர்ஸ் ரன் டீப்'. 1970-ல் ஃபிராங்க் வில்சன் தயாரித்த ஆல்பம். இதிலிருந்து 'ஸ்டில் வாட்டர்' பாட்டு அந்தக் காலத்தில் 11-ஆம் இடம்வரை வந்தது, தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனாலும் இன்று யாரும் ஃபோர் டாப்ஸ் என்றால் இதைச் சொல்வதில்லை. ஆழமான தண்ணீர் சலனமில்லாமல் இருக்கும் என்பதுதான் பாட்டின் மையம். லெவிக்கு இதில் சுருதி இறங்கிவிட்டது. அவருக்கு வசதியான இடத்தில் நின்று, பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசுகிற அளவுக்கு மட்டும் குரலைத் திறக்கிறார். அதே ஆல்பத்தில் 'இட்ஸ் ஆல் இன் த கேம்' என்ற பழைய பாட்டும் உண்டு. அதன் மெட்டை 1911-ல் போட்ட சார்ல்ஸ் டாஸ் பின்னாளில் அமெரிக்காவின் துணை ஜனாதிபதியானவர். அதில் லெவி கொஞ்சம் தள்ளி நின்று நண்பர்களுக்கு இடம் விடுகிறார். அந்த ஆல்பம் முழுக்கவே நால்வரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிற உணர்வு.

ஓபியைப் பற்றி ஒரு வார்த்தை. 1969-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் போலீஸ் இளைஞர்களை அடித்து விரட்டுவதைப் பார்த்து, என்னதான் நடக்கிறது இங்கே என்று மனசுக்குள் ஓடியதை அவர் பாட்டாக்க ஆரம்பித்தார். சொந்தக் குழுவிடம் கொண்டுபோனால், போராட்டப் பாட்டு நமக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். இல்லை, இது அன்பைப் பற்றிய பாட்டு என்று அவர் வாதாடிப் பார்த்திருக்கிறார். கடைசியில் அது மோட்டவுனின் இன்னொரு பாடகரான மார்வின் கேயிடம் போய் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆனது. உலகம் கொண்டாடுகிற அந்தப் பாட்டின் விதை, லெவிக்குப் பின்னால் நின்று கீழ்ஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்த ஓபியிடம் இருந்து வந்தது. பின்னால் நிற்கிறவர்களை இனிமேல் கவனமாகக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

லாரன்ஸுக்குப் பிறகு 2005-ல் ஓபி, 2008-ல் லெவி, கடைசியாக 2024 ஜூலையில் டியூக். நால்வரும் போய்விட்டார்கள்.

நேற்று ராத்திரி 'ஸ்டில் வாட்டர்' போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தன் சீருடையை எடுத்து மடித்தபடியே கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இது அந்த மாமாதானே?"

"ஆமாம்மா."

"இன்னிக்கு அழலையே" என்றாள்.