காதடைப்பான் அணியாததற்கு வீரரின் அலட்சியம் மட்டுமே காரணமா?

போர்வீரர்களின் செவிப்பாதுகாப்பு பற்றி நான் படித்த கட்டுரையில், போர்க்களத்தில் காதடைப்பானைக் கழற்றி வைப்பதை வீரர்களின் அலட்சியமாகவே கட்டுரையாளர் கருதுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. துப்பாக்கியின் வெடியோசை காதுக்குப் பாதுகாப்பான 140 டெசிபல் (ஒலியளவின் அலகு) உச்ச வரம்பைத் தாண்டி 160ஐயும் எட்டுகிறது என்பது உண்மையே. ஆயினும், காதை முழுவதும் அடைத்துக்கொண்டு சுற்றுக்காவல் செல்பவருக்குச் சருகு மிதிபடும் ஓசையோ, அருகிலிருப்பவர் தாழ்ந்த குரலில் இடும் கட்டளையோ கேட்காது என்பதால், நாளைய செவித்திறனைவிட இன்றைய உயிரையே அவர் பெரிதாக எண்ணுகிறார். இதில் அலட்சியம் எங்கே இருக்கிறது?

இச்சிக்கலைத் தீர்க்கவே, ஒரு முனையில் பேச்சொலியை உள்ளே விட்டு வெடியோசையை மட்டுப்படுத்தும் இருமுனைக் காதடைப்பான்கள் அமெரிக்கப் படைகளுக்கு வழங்கப்பட்டன. அவற்றின் தண்டு குட்டையாக இருந்ததால் அணிந்தவர் அறியாமலேயே அவை தளர்ந்துவிடும் என்ற குற்றச்சாட்டில், அவற்றை விற்ற 3எம் நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே 2018இல் அரசுக்கு 91 லட்சம் டாலர் செலுத்தியது. முன்னாள் வீரர்களும் பிறரும் தொடுத்த வழக்குகளை முடிக்க 2023இல் சுமார் 600 கோடி டாலர் தரவும் இசைந்தது. ஆனால், ஒலியை உணரும் உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. எனவே, அத்தொகை எவருடைய காதிரைச்சலையும் நிறுத்தப் போவதில்லை. ஒவ்வொரு வீரரின் காதுக்கும் அடைப்பான் சரியாகப் பொருந்துகிறதா என்று சோதித்து வழங்குவது பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.