ஆயிரம் அடிக் கப்பல் கடலுக்குப் போகுமா?

வட அமெரிக்கப் பேரேரிகளில் இரும்புத்தாது சுமக்கும் ஆயிரம் அடிக் கப்பல்கள் அப்படியே அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா போகின்றன என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ஈரி ஏரியிலிருந்து கடலை நோக்கிக் கீழே இறங்க வெல்லண்ட் கால்வாயின் மதகுகளை, அதாவது நீரை ஏற்றியிறக்கிக் கப்பலை மேலே கீழே கொண்டுபோகும் அடைப்புத் தொட்டிகளை, தாண்ட வேண்டும். அங்கே 740 அடி நீளம், 78 அடி அகலம் வரையுள்ள கப்பல்தான் நுழையும். இருப்பதிலேயே நீளமான 'பால் ஆர். டிரெகர்தா' 1,013 அடி, அகலம் 105. மேல் ஏரிகளுக்கு நடுவே சூ செயின்ட் மேரி என்ற ஊரில் இருக்கும் 'போ' (Poe) மதகு 110 அடி அகலம். அதற்குள் அது நிற்கும்போது இருபுறமும் இரண்டரை அடிதான் மிச்சம்!

அப்புறம், முதல் ஆயிரம் அடிக் கப்பலான 'ஸ்டூவர்ட் ஜே. கார்ட்' கடல் வழியாகத்தானே வந்தது? பாதி உண்மை. மிசிசிப்பி மாநிலத்தில் கட்டிய முன், பின் பகுதிகளை ஒட்டி, குட்டைக் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். ஈரி நகரத்தில் அதை வெட்டி, நடு உடலைச் சேர்த்தார்கள். 1972இல் வேலைக்கு இறங்கிய அது இனி கடலுக்குத் திரும்ப வேண்டுமென்றால் மறுபடி வெட்டத்தான் வேண்டும்.